பழைய சென்சஸில் எங்கள் நெசவுக் குடும்பத்தைத் தேட வழி உண்டா?

அம்மாப்பேட்டைத் தறி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது சேலம் அம்மாப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகக் குழித்தறி ஓட்டிய குடும்பம். அப்பாவோடு தறி நின்றுவிட்டது, நான் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். குடும்பத்தில் வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் சொன்னதையாவது எழுதி வைக்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன்.

பாட்டி சொன்ன கதை இதுதான். தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) வீட்டில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மிஞ்சிய அண்ணன் தம்பி இருவரில் அண்ணன் தறியை விடாமல் இங்கேயே இருந்தார், தம்பி தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியோடு கண்டிச் சீமைக்கு (இலங்கைக்கு) போனவர் திரும்பவே இல்லை. இருவர் பெயரும் தெரியும். வேறொன்றும் தெரியாது.

என் சித்தப்பா மகன் லண்டனில் இருக்கிறான். அவன் குடியிருக்கும் வீட்டில் 1881-ல் யார் யார் இருந்தார்கள், யாருக்கு என்ன வயது, யார் எங்கே பிறந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினான். தையல்காரர், அவர் மனைவி, நாலு பிள்ளைகள், ஒரு வாடகைக் குடித்தனக்காரர் என்று வரிசையாக இருந்தது. பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. அதே 1881-ல்தானே நம் ஊரிலும் வெள்ளைக்காரன் கணக்கெடுத்தான்? அந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன? பெயரைப் போட்டுத் தேட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எழும்பூர் வாசகன் எழுதியது:

பெயரைப் போட்டுத் தேட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும்.

நீங்கள் சொல்வது சரிதான், 1881 பிப்ரவரி 17 இரவு இந்தியா முழுக்க ஒரே நேரத்தில் கணக்கெடுத்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பே வீட்டுக்கு எண் போட்டு, ஆள் விவரத்தை எழுதி வைத்துக்கொண்டு, குறித்த இரவில் மறுபடி போய் இறந்தவரை அடித்து, பிறந்ததைச் சேர்த்து, விருந்தாளியாக வந்து தங்கியவரையும் எழுதிக்கொண்டார்கள். 1931 வரை இந்த ஓர் இரவு முறைதான். அதனால் உங்கள் முன்னோர் பெயர் ஒரு தாளில் நிச்சயம் ஏறியிருக்கும். ஆனால் அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது கூட்டுத்தொகை மட்டும்தான். அட்டவணை போட்டு முடிந்ததும் அந்தத் தாள்களை வைத்துக் காக்கவில்லை, அழித்துவிட்டார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்ல ஆட்சேபித்தால் 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்களுக்கு அனுமதி இருந்தது. தாள் மிஞ்சியிருந்தாலும் உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் அதில் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் சட்டமே குறுக்கே நிற்கிறது. 1948-ஆம் வருடச் சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி தனிநபர் பதிவை யாரும் பார்வையிட முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் எடுக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் நூறு வருடம் கழித்துத் திறந்துவிடுகிறார்கள், 1921-ஆம் வருடத்துத் தாள்கள் 2022-ல் வெளிவந்தன. நம் சட்டத்தில் அப்படி ஒரு கெடு கிடையாது. (அங்கேயும் எல்லாம் பத்திரமாக இல்லை. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 தாள்கள் 1942-ல் தீப்பிடித்து எரிந்தே போயின.)

சரி, நம்மிடம் என்னதான் இருக்கிறது? 1871-லிருந்து மதராஸ் மாகாணத்துக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை அறிக்கையும் அட்டவணைத் தொகுதிகளும் இருக்கின்றன. மக்கள்தொகை, வயது, திருமண நிலை, எழுத்தறிவு, தொழில், சாதி, பிறந்த மாவட்டம் எல்லாம் மாவட்ட வாரியாகக் கிடைக்கும், சில விவரம் தாலுக்கா வரைக்கும் வரும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். பழைய தொகுதிகள் பல சென்சஸ் துறையின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கின்றன. ஊர் அளவில் தொடர்ச்சியாக வேண்டுமென்றால் 1951-லிருந்து வந்த மாவட்டக் கையேடுகள்தான்.

உங்கள் பாட்டி சொன்ன கதைக்கு இந்த அட்டவணைகளே போதிய சாட்சி. 1871-ல் சேலம் மாவட்டத்தில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் 16 லட்சம். பத்து வருடத்தில் கூடியிருக்க வேண்டிய ஜனம், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மாகாணம் மொத்தத்தையும் பார்த்தால் 3.13 கோடி 3.09 கோடியாகக் குறைந்தது. அது சின்னச் சறுக்கலாகத் தெரியும், ஏனென்றால் பஞ்சம் எட்டாத டெல்டாப் பகுதிகளின் வளர்ச்சி மற்ற இடத்துச் சாவை மறைத்துவிடுகிறது. மாவட்டக் கணக்குக்கு இறங்கினால்தான் தாது வருஷம் என்ன செய்தது என்று புரியும். போனவர்கள் எல்லோரும் செத்தவர்கள் அல்ல, ஊரைவிட்டுப் போனவர்களும் அதில் உண்டு. உங்கள் வீட்டிலேயே இரண்டும் நடந்திருக்கிறது.

இன்னும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டுமானால் வயது அட்டவணையை எடுங்கள். பஞ்ச காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு 1881-ல் மூன்று, நாலு வயது. அந்த இடத்தில் எண்ணிக்கை குழி விழுந்திருக்கும், பிறந்ததும் குறைவு, பிழைத்ததும் குறைவு. 1891-ல் அதே குழி பதின்மூன்று வயதை ஒட்டி வரும், 1901-ல் இருபத்து மூன்றை ஒட்டி வரும். எனக்கு இந்த அட்டவணைகளில் மனதை உலுக்குவது இதுதான்.

1871 கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், மாகாணத்தின் சுகாதார ஆணையர். பஞ்சத்தைக் கவனிக்க அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியின் தானிய அளவை நாளைக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தபோது, உழைக்கிற உடம்புக்கு இது பற்றாது என்று 1877-ல் எதிர்த்து எழுதியவரும் இவரே. அந்த வாதத்தையும் தேடிப் படியுங்கள், அறிக்கையின் எண்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. 'சேலம்' என்று அட்டவணையில் வரும்போதெல்லாம் அது ஒரே சேலம் அல்ல. அன்றைய சேலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், நாமக்கல், திருப்பத்தூர் எல்லாம் அடக்கம். 1910-ஐ ஒட்டி நாமக்கல் திருச்சிக்கும் திருப்பத்தூர் வடஆற்காட்டுக்கும் போயின, நாமக்கல் பிறகு திரும்பி வந்தது. 1965-ல் தருமபுரி பிரிந்தது, 1997-ல் நாமக்கல் மறுபடி பிரிந்தது. எல்லை மாறிய இடத்தில் ஜனம் குறைந்ததாக எழுதிவிடாதீர்கள். தாலுக்காவைத் தாலுக்காவோடு ஒப்பிடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை பேத்தி எழுதியது:

பெயர் வேண்டுமென்றால் சென்சஸை விட்டுவிட்டுப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். வீடோ மனையோ உங்கள் முன்னோர் பெயரில் இருந்திருந்தால் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் போதும், அண்ணன் தம்பிகள், அவர்களுடைய அப்பா, சில சமயம் பாட்டன் பெயர் வரை ஒரே தாளில் வந்துவிடும். எந்த அறை யாருக்கு, கிணற்றில் யாருக்கு எவ்வளவு பாத்தியம், தறிக்கூடம் யாருக்கு என்று எழுதியிருப்பார்கள், குடும்பம் எப்படி இருந்தது என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. தம்பி சிலோனுக்குப் போனவர் என்றால் அவர் பங்கு என்ன ஆனது என்பதும் அதில் இருக்க வாய்ப்புண்டு.

எங்கள் தாத்தா கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கிராமத்தில் பிறப்பு, இறப்பைக் கிராம அதிகாரிகள்தான் எழுதினார்கள். சென்சஸ் வந்தால் எண்ணும் வேலையில் முன்னால் நின்றதும் அவர்களேதான். 1980-ல் அந்தப் பரம்பரைப் பதவிகளை எடுத்தபோது பல ஊர்களில் பழைய கணக்குகள் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. அம்மாப்பேட்டை நகரத்துக்குள் இருப்பதால் உங்களுக்கு நகராட்சிப் பதிவுதான். உங்கள் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள், குடும்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். அந்தக் கோவிலுக்கு வரிப்பணம் எழுதிய நோட்டுகளில் தலைக்கட்டு (குடும்ப) வாரியாகப் பெயர் இருக்கும். என் கணக்கில் அதுதான் நம் ஆட்கள் நமக்காக எடுத்த சென்சஸ்.

---

அம்மாப்பேட்டைத் தறி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தாள்கள் அழிந்தது என்று படித்ததும் மனது கனத்துப் போனது, ஆனால் வயதில் குழி விழுந்து அது பத்துப் பத்து வருடமாக நகரும் என்று சொன்னீர்களே, உடனே எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அக்கா சொன்ன வரி நோட்டு எங்கள் கோவிலில் உண்டு, பெரியப்பாவிடம் கேட்கிறேன்.

தொழில் அட்டவணை பற்றி ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் தறியில் உட்கார்ந்தது ஆண்கள். ஆனால் தார் (குறுக்கு நூல்) சுற்றியது பாட்டியும் அத்தைகளும், பாவு (நெடுக்கு நூல்) ஓட்டி, கஞ்சி போட்டு, விடிகாலையில் தெருவில் நீட்டிப் பாவு ஆற்றும்போது வீடே வெளியில் நிற்கும். பெண்கள் கை வைக்காமல் ஒரு புடவையும் தறியைவிட்டு இறங்கியதில்லை. சென்சஸ்காரர் வந்து கேட்டபோது பாட்டிக்கு என்ன எழுதியிருப்பார்? நெசவு என்றா, வீட்டு வேலை என்றா?

---

மக்கள்தொகை வாத்தியார் எழுதியது:

சரியான கேள்வி. இதற்கு ஒரே பதில் கிடையாது, எந்த வருடம் என்பதைப் பொறுத்து உங்கள் வீட்டுப் பெண்கள் நெசவாளியாகவும் இருந்திருப்பார்கள், ஒன்றுமில்லாதவராகவும் இருந்திருப்பார்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணுபவருக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதைப் படி. அந்த அறிவுரைகள் அறிக்கையிலேயே இருக்கும், பெரும்பாலானவர்கள் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

1891-ல் கேட்டது ஜீவனம் எதனால் நடக்கிறது என்று. வீட்டுக்குத் தறிதான் சோறு போடுகிறது என்றால் தொட்டிலில் இருக்கும் குழந்தை வரை எல்லோரும் நெசவை நம்பிப் பிழைப்பவர்கள் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். 1901-ல் உழைப்பவர் யார், அவரை அண்டியிருப்பவர் யார் என்று பிரித்தார்கள். இந்த இரண்டு வருட எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெசவு அழிந்துவிட்டது என்று எழுதினால் அது பெருந்தப்பு. நெசவு நலிந்ததா இல்லையா என்பது வேறு வாதம், அதற்கு இந்த இரண்டு எண்ணும் உதவாது.

1911-ல் கொடுத்த அறிவுரை எனக்கு மிகவும் பிடித்தது. விறகோ வறட்டியோ பொறுக்கி விற்கும் பெண் குடும்ப வருமானத்தைக் கூட்டுகிறாள், ஆகவே அவளை உழைப்பவள் என்று எழுது. குயவர் மனைவி பானைக்கு மண் கொண்டுவந்து புருஷனுக்கு ஒழுங்காக உதவுகிறாள் என்றால் அவளும் உழைப்பவள். எப்போதாவது கை கொடுப்பவள் அந்தக் கணக்கில் சேர மாட்டாள். இதன்படி உங்கள் வீட்டில் தார் சுற்றியவர்கள் நெசவு வரிசையில் வந்திருக்க வேண்டும். ஆனால் கதவைத் தட்டியவர் அந்த அறிவுரையை எவ்வளவு மனதில் வைத்திருந்தார், திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்ன ஆண்பிள்ளை என்ன சொன்னார் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. 'அவங்க சும்மா வீட்லதான் இருக்காங்க' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

1931-ல் சம்பாதிப்பவர், உழைக்கும் சார்ந்திருப்பவர், உழைக்காத சார்ந்திருப்பவர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். இந்த நடு வகை உங்களுக்கு முக்கியம், குடும்பத் தறியில் கூலியில்லாமல் உழைத்தவர்கள் அங்கேதான் போய் விழுவார்கள். 1941-ல் போர்க்காலச் சிக்கனம், அட்டவணை வெகு குறைவு.

பெரிய பள்ளம் 1961-க்கும் 1971-க்கும் இடையில். 1961-ல் பருவ வேலை என்றால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதியில் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்திருந்தாலே உழைப்பவர். வீட்டுத் தொழில் என்று தனி வகையும் வைத்தார்கள். 1971-ல் உங்கள் முக்கியமான வேலை என்ன என்று முதலில் கேட்டார்கள். சமையல், பிள்ளைகள் என்று பெண் சொன்னால் உழைக்காதவர் பட்டியலில் போட்டுவிட்டு, மற்ற வேலையை இரண்டாவது வேலையாகத் தனியே குறித்துக்கொண்டார்கள். இந்தியா முழுக்க உழைக்கும் பெண்களின் விகிதம் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. அந்தப் பத்து வருடத்தில் நம் பெண்களில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டுத் திண்ணையிலா உட்கார்ந்தார்கள்? கேள்வி மாறியது, விடை மாறியது. பிறகு 1981-ல் ஆறு மாதத்துக்கு மேல் உழைத்தவர், அதற்குக் குறைவாக உழைத்தவர் என்று பிரித்துக் கொஞ்சம் சரிசெய்தார்கள். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எத்தனையோ திட்டங்களும் கடன்களும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் போடப்படுகின்றன.

வயது, கல்யாணம் பற்றியும் இரண்டு வார்த்தை. 30, 35, 40 என்று முடியும் வயதுகளில் ஜனம் குவிந்திருக்கும், 31-லும் 39-லும் ஆளே இருக்காது. வயது தெரியாதவர் 'ஒரு நாப்பது இருக்கும்' என்று சொன்னதுதான் காரணம். அதனால் எழும்பூர் வாசகன் சொன்ன குழியைத் தேடும்போது ஒற்றை வயதாக எடுக்காதீர்கள், ஐந்து ஐந்து வருடமாகச் சேர்த்துப் பாருங்கள், குழி கொஞ்சம் மழுங்கித்தான் தெரியும். 1931-ல் சின்னப் பெண்களில் திருமணமானவர்கள் திடீரென்று கூடியிருப்பதும் உங்கள் கண்ணில் படும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்தது, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஊரெல்லாம் அவசரமாகத் தாலி கட்டியதன் விளைவு அது.

குடும்ப அளவைப் பார்ப்பதிலும் கவனம். ஒரே கூரையின் கீழ் அண்ணனுக்கு ஓர் உலை, தம்பிக்கு ஓர் உலை என்று இருந்தால் அது ஒரு வீடா இரண்டா? சுதந்திரத்துக்குப் பிறகு ஒரே அடுப்பில் உண்பவர்களை ஒரு குடும்பம் என்று கொண்டார்கள், அதற்கு முன் 'வீடு' என்பதற்கு அந்தந்த அறிக்கையில் என்ன விளக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டுக் குடும்பம் உடைந்துவிட்டது என்று பலர் எழுதுவது இந்த விளக்கத்தைப் பாராமல் எழுதியது.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். 1961 சென்சஸின்போது பி. கே. நம்பியார் மதராஸ் மாநிலத்துக்குப் பொறுப்பில் இருந்தார். அப்போது தேர்ந்தெடுத்த கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தனித்தனிப் புத்தகம் போட்டார்கள், கைவினைத் தொழில்களுக்கும் தனித் தொகுதி உண்டு. தொழில், கூலி, கடன், வீட்டின் அமைப்பு, சடங்கு என்று எல்லாம் இருக்கும். உங்கள் ஊர் அதில் இல்லாவிட்டாலும் நெசவு பற்றிய பகுதிகளைப் படியுங்கள்.

---

ஹட்டன் சிவா எழுதியது:

வணக்கம் அண்ணா, நான் இலங்கை மலையகம். கண்டிச் சீமைக்குப் போன தம்பியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கட ஆட்களில் சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. மொரிசியஸ், நேட்டால், பிஜிக்கு ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டு உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதியிருக்கும், அதை வைத்து ஊரைக் கண்டுபிடித்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. இலங்கைக்கு அப்படி இல்லை. கங்காணி தன் ஊரில் ஆள் பிடித்துக் கூட்டமாகக் கொண்டுவந்தார், கணக்கு அவர் கையில். தோட்டத்தில் செக்றோலில் (வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டில்) பேர் விழும், அது சம்பளத்துக்காக எழுதியது. பழைய செக்றோல் வைத்திருக்கிற தோட்டம் அபூர்வம், ஆனால் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

இலங்கையிலும் 1871-லிருந்து சென்சஸ் உண்டு. 1911-ல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனியாக எண்ணினார்கள், அதற்கு முன்பு தமிழர் எல்லோரும் ஒரே வரி. ஆக உங்கட குடும்பத்து அந்தத் தம்பி பஞ்சத்துக்குப் பிறகு வந்திருந்தால், முதல் கணக்குகளில் அவர் யாழ்ப்பாணத்துத் தமிழரோடு சேர்ந்துதான் நிற்கிறார்.

இந்தப் பக்கத்தில் கூடியதை அந்தப் பக்கத்தில் குறைந்ததோடு சேர்த்துப் பார்க்கலாம். 1901-ல் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் ஆயிரம் ஆண்களுக்கு 1044 பெண்கள். ஆண்கள் சிலோனுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனது அதற்கு ஒரு முக்கிய காரணம். ஆனால் எங்கட பக்கம் தேயிலைக் காலத்தில் குடும்பமாக வந்தவர்கள் நிறைய, கொழுந்து எடுக்கப் பெண்கள் வேண்டும். அவர் தனியாகப் போனார் என்று பாட்டி சொன்னாலும் பெண் எடுக்க ஊருக்கு வந்து போயிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

பெயர் கிடைக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. 1948-ல் எங்கட பிரஜாவுரிமையைப் பறித்த பிறகு, 1949 சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடச் சொன்னார்கள். இத்தனை வருடம் இங்கேதான் இருந்தோம் என்று நிரூபிக்கப் பிறப்புச் சான்று, தோட்டக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்று எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். பெரும்பாலானோரின் விண்ணப்பத்தைத் தள்ளினார்கள், ஆனால் அந்தக் கடுதாசிகளை எங்கட வீடுகளில் தகரப் பெட்டியில் இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிடமும் குடும்ப அட்டை உண்டு. அவர்களில் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருக்கிறார்கள். உங்களுக்கு அது சேலத்திலிருந்து கிட்டத்தானே.

அந்தத் தம்பியின் பெயர், குலதெய்வம், வந்த ஊர் மூன்றையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பொதுவில் போட வேண்டாம். எங்கட பக்கம் கோவில் திருவிழாவில் உபயம் எழுதும்போது சொந்த ஊர்ப் பெயரை இன்னும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், விசாரிக்கலாம்.

---

அம்மாப்பேட்டைத் தறி எழுதியது:

சிவா தம்பி, அனுப்பிவிட்டேன். பெரியப்பாவிடம் வரி நோட்டைக் கேட்டேன். பழைய நோட்டு ஒன்று கோவில் பூசாரி வீட்டில் இருக்கிறதாம், அமாவாசைக்குப் போகும்போது பார்க்கலாம் என்றார். வாத்தியார் ஐயா, 1911 அறிவுரையை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். 'அப்ப எங்க பேர எழுதியிருக்கணும்ல' என்று கேட்டார். தறி பற்றி அவருக்குத் தெரிந்ததை முதலில் பதிவு செய்யப் போகிறேன், எந்த வேலை யார் செய்தார்கள் என்று ஆள் வாரியாக. அறிக்கைகளை அதற்கப்புறம் இறக்கிக்கொள்கிறேன்.